எழுபது மைல் வேகத்தில் ஒரு மேசை

மனித குலத்தின் வரலாறு என்பது வேகத்தின் வரலாறு. குதிரைமேல் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தவனிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு தலைமுறையும் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: நாம் எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம்?

எங்கள் க்ளப்பின் தலைவர் ராட்ரிக் ஹாதர்சேஜ், ப்ரிட்ஜ்நார்த்தில் உள்ள பப் ஒன்றின் பின்னறையில் எழுந்து நின்று இதைச் சொன்னபோது க்ளப்பில் மொத்தம் பதினான்கு கார்கள் இருந்தன. அவற்றில் பதினொன்று எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை. கொட்டகைகளில் மரக்கட்டைமேல் நின்றுகொண்டிருந்தன.

எங்களுடையது கிட் கார் க்ளப். பெட்டி பெட்டியாகப் பாகங்களை வாங்கி, எங்கள் கையாலேயே பூட்டி, அரசாங்கச் சோதனையில் காட்டி, 'இது கார்தான்' என்று எழுதி வாங்கிய பிறகே சாலையில் இறக்க முடியும். நான் நெவில், க்ளப்பின் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. என் கார் அந்தப் பதினொன்றில் ஒன்று. ஆறு வருடமாகக் கட்டுகிறேன். இன்னும் எஞ்சின் வரவில்லை.

அன்றைய பொருள் ஸ்பீடோமீட்டர். ஹாதர்சேஜ் திரை கட்டி, முப்பத்திரண்டு படம் காட்டினார். பல் மருத்துவர்களுக்கு நாற்காலி விற்றே முப்பது வருடம் கழித்தவர் அவர். யாரிடம் பேசினாலும், எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கிறார் என்ற நினைப்பிலேயே பேசுவார்.

"நண்பர்களே, கேபிள் காலம் முடிஞ்சு போச்சு. கியர்பாக்ஸுலேர்ந்து ஒரு கம்பி சுத்திக்கிட்டே டாஷ்போர்டு வரைக்கும் வந்து ஒரு முள்ளைத் தள்ளணுமாம். இது என்ன, கிணத்து ராட்டினமா? இதோ பாருங்க, எலக்ட்ரானிக். கம்பி கிடையாது, பல்சக்கரம் கிடையாது. வானத்துல சுத்துற செயற்கைக்கோள் பதினொண்ணு நம்ம காரைப் பார்த்து, இப்ப இத்தனை வேகம்னு சொல்லிடும். அரை மைல்கூடத் தப்பாது."

மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த மீட்டரை ஒரு பேட்டரியில் பொருத்தி அழுத்தினார். நீல வெளிச்சத்தில் எழுத்து ஓடியது: 'வணக்கம், ராட்ரிக்.' அறையில் ஒரு 'ஓ' எழுந்தது. மனைவிகூட அப்படி வரவேற்பதில்லை என்று யாரோ சொன்னார்கள். அதை நான் குறிப்பில் எழுதவில்லை.

பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் விலையில் கால்வாசி குறையும். க்ளப்புகளில் இது வழக்கம். தலைவர் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பார், பத்துக் கை உயரும், எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி பெட்டி வந்து சேரும். போன வருடம் அப்படி வந்த ஸ்டீயரிங் இன்னும் என் கட்டிலடியில் கிடக்கிறது. அன்று ஒன்பது கை உயர்ந்தது. எஞ்சின் இல்லாத காருக்கு ஸ்பீடோமீட்டர் கேட்டுத் தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

பத்தாவது கைக்காக எல்லோரும் க்வெண்டா ப்ரோசரைப் பார்த்தார்கள்.

க்வெண்டா இருபத்தாறு வருடம் ஊர் பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்ற மறுவாரமே கொட்டகையில் கார் கட்ட உட்கார்ந்தாள். பச்சை நிறத்தில், தாழ்வாக, கதவே இல்லாத இரண்டு இருக்கைக் கார். இரண்டே வருடத்தில் முக்கால்வாசி முடித்துவிட்டாள். க்ளப்பில் பலருக்கு அவள்மேல் இருந்த மனத்தாங்கலுக்கு அதுதான் காரணம்.

"அம்மணி, உங்க கை?" என்றார் ஹாதர்சேஜ்.

"என் கையில பியர் இருக்கு."

"இன்னொரு கை?"

"அதுல சிப்ஸ்."

"அப்போ வேண்டாம்னு எடுத்துக்கலாமா?"

"வேண்டாம்னே எடுத்துக்கோங்க தலைவரே. எனக்கு மீட்டர் இருக்கு."

கைப்பையிலிருந்து ஒரு பழைய துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கறுப்பு முகமும் வெள்ளை எண்களும் கொண்ட, கேபிளால் ஓடும் பழைய ஸ்பீடோமீட்டர். உதிரிபாகச் சந்தையில், பாதி தின்ற சாசேஜ் ரோல் ஒன்றைக் கொடுத்து வாங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல். மைல் கணக்குச் சக்கரத்தில் யாரோ ஓட்டிய எழுபத்தோராயிரம் மைல்.

சிரிப்பு எழுந்தது. ஹாதர்சேஜ் சிரிக்கவில்லை. பெரிய மனிதர்கள் மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார்கள்.

"அம்மணி, இது துல்லியமா காட்டாதே."

"காட்டாதுதான். ஆனா தப்பாக் காட்டினா, ஏன் தப்பாக் காட்டுதுன்னு கழட்டிப் பார்த்துக்குவேன். உங்களுது தப்பாக் காட்டினா எங்க போய்க் கழட்டுவீங்க? ஏணி போட்டு மேல ஏறுவீங்களா?"

"முன்னேற்றத்தை எதிர்க்கறீங்க."

"முன்னேற்றத்தை நான் பத்து வருஷம் ஓட்டியிருக்கேன் கண்ணு. கடைசி பஸ்ஸுல எலக்ட்ரானிக் மீட்டர்தான். நான் எங்க பிரேக் போட்டேன், எங்க நின்னேன், எந்த வளைவுல எத்தனை மைல்ல திரும்பினேன்னு எல்லாத்தையும் டிப்போவுல இருக்கறவனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். திங்கக்கிழமை காலையில அவன் என்னைக் கூப்பிட்டு, 'செவ்வாய்க்கிழமை ஏன் சர்ச் வளைவுல இருபத்திரண்டு?'ன்னு கேப்பான். ஏன்னா ஒரு வாத்து குறுக்க வந்துச்சு. அதை அது சொல்லாது. மேல உட்கார்ந்து ஒருத்தன் பார்த்துச் சொல்ற வேகம் எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. இது என் கார். என் சக்கரம் சொல்லட்டும்."

குறிப்பில் நான் எழுதியது: 'திருமதி ப்ரோசர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தார்.'

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவள் மீட்டரோடு ஒரு துண்டு கேபிளையும், பேட்டரியில் ஓடும் துளைபோடும் மிஷினையும் கொண்டுவந்தாள். மீட்டரை மேசை விளிம்பில் பிடிகருவியால் இறுக்கினாள். கேபிளின் ஒரு முனை மீட்டரில், மறுமுனை துளைபோடும் மிஷினின் வாயில்.

"பாருங்க, வேலை செய்யுது" என்று விசையை அழுத்தினாள். முள் மேலே ஏறவில்லை. பூச்சியத்துக்கும் கீழே போகப் பார்த்து நடுங்கியது.

"வேலை செய்யுது, ஆனா பின்னால போகுது" என்றார் ஹாதர்சேஜ். இந்த முறை அவரே முதலில் சிரித்தார்.

க்வெண்டா மிஷினின் சுழலும் திசையை மாற்றிவிட்டு மீண்டும் அழுத்தினாள். முள் எழுந்தது. இருபது, நாற்பது, அறுபது. எழுபதில் போய் அப்படியே நின்றது. மேசைமேல் இருந்த கிளாஸ்களில் பியர் சின்னச் சின்ன வளையமாக அதிர்ந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பாசில் டன்மோர் குனிந்து மேசையின் காலைப் பார்த்தார். எங்கள் தொழில்நுட்ப உபகுழு முழுவதும் அவர்தான்.

"எழுபது மைல்" என்றாள் க்வெண்டா. "முள்ளுல ஒரு ஆட்டம் இருக்கா பாருங்க."

ஹாதர்சேஜ் எழுந்தார். கோட்டுப் பொத்தானை மாட்டினார். அவர் பொத்தான் மாட்டினால் நான் பேனாவை எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

"நெவில், இதை எழுதிக்கங்க. இந்த மேசை நகரலை. ஆனா மேசை எழுபது மைல் வேகத்துல போகுதுன்னு இந்த மீட்டர் சொல்லுது. நகராத ஒண்ணு நகருதுன்னு சொல்ற மீட்டர் பொய் மீட்டர். என்னோட மீட்டரை இதே மேசையில வையுங்க. சைபர்னு சொல்லும். ஏன்னா அது உண்மையைத்தான் சொல்லும். எழுதினீங்களா?"

"எழுதிட்டேன்."

"வார்த்தை விடாம?"

"வார்த்தை விடாம."

"எனக்கு ஒரு நகல் குடு நெவில்" என்றாள் க்வெண்டா.

கூட்டம் கலையும் முன் ஒரு ஒப்பந்தம் முடிவாயிற்று. மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறை நாளில் எங்கள் ஊர்வலம் நடக்கும். ஓடக்கூடிய கார்கள் எல்லாம் வரிசையாகக் கிளம்பி, கிராமங்கள் வழியாகச் சுற்றி வரும். முன்னால் போவது எப்போதும் தலைவரின் கார். ஹாதர்சேஜ் பழைய காரை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று கட்டி முடித்திருந்தார். ஏப்ரலில் அதற்குச் சோதனை. அதே நாளில்தான் க்வெண்டாவின் காருக்கும்.

"உங்க மீட்டராலே உங்க கார் தோத்துச்சுன்னா, பத்தாவது கை உங்களுது. கேபிளைக் கழட்டிட்டு எலக்ட்ரானிக் போடணும்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா..." அவர் பெருந்தன்மையோடு கையை விரித்தார். "ஊர்வலத்துல நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன்."

"எல்லாருக்கும் பின்னால."

"எல்லாருக்கும் பின்னால."

அதையும் நான் எழுதிக்கொண்டேன்.

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹாதர்சேஜுக்கு ஒரு கவலை வந்தது. க்வெண்டா தோற்றால் க்ளப்பின் பெயர் கெடுமே என்ற கவலை. ஆகையால் தோற்பாளா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, பாசில் டன்மோரைக் கூட்டிக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போனார். நான் குறிப்பேட்டோடு பின்னால் போனேன்.

விஷயம் எளிமையானது. அந்த மீட்டரின் முகத்தில் சின்னதாக 1000 என்று அச்சிட்டிருந்தது. கார் ஒரு மைல் ஓடும்போது கேபிள் ஆயிரம் முறை சுற்றினால் முள் சரியாகக் காட்டும். ஆயிரத்துக்குக் குறைவாகச் சுற்றினால் முள் குறைத்துக் காட்டும், அதைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. ஓட்டுகிறவன் உண்மையைவிட மெதுவாகப் போவதாக நினைத்துவிடக் கூடாது அல்லவா? கொஞ்சம் கூட்டிக் காட்டினால் குற்றமில்லை. அரசாங்கமே அனுமதித்த மிகை அது ஒன்றுதான்.

மைலில் நூறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஐம்பத்து மூன்று அடி. சக்கரம் ஒன்பது சுற்றுச் சுற்றினால் அந்தத் தூரம் வரும். அப்போது கேபிள் பத்து முறை சுற்ற வேண்டும். பாசில் ஜாக்கியைப் போட்டு இடது பின் சக்கரத்தைத் தூக்கினார். கேபிளின் நுனியில் அட்டையில் வெட்டிய ஒரு அம்புக்குறியைக் குத்தினார். ஹாதர்சேஜ் முழங்காலிட்டு, தம் விலை உயர்ந்த கால்சட்டையோடு, சக்கரத்தைக் கையால் ஒன்பது சுற்றுச் சுற்றினார்.

"எத்தனை பாசில்?"

"அஞ்சரை."

"மறுபடி எண்ணுங்க."

மறுபடியும் ஐந்தரை.

"பத்து வேணும். அஞ்சரைதான் வருது." ஹாதர்சேஜ் எழுந்து கால்சட்டையைத் தட்டினார். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை. "அம்மணி, நீங்க எழுபதுல போனா உங்க முள்ளு நாப்பதுகூடக் காட்டாது. இதோட சோதனைக்குப் போனீங்கன்னா அவங்க சிரிப்பாங்க. நான் சொல்றதைக் கேளுங்க. இப்பவே பத்தாவது கையைத் தூக்கிடுங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

க்வெண்டா தேநீர்க் கோப்பையோடு வாசலில் சாய்ந்து நின்று இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவரே, வலது பக்கச் சக்கரம் எங்க இருக்கு?"

"எங்க இருக்கு? தரையில இருக்கு."

"சுத்துச்சா?"

"அதை ஏன் சுத்தணும்? இந்தப் பக்கம் சுத்தினதே போதுமே."

"ஒரு காலைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு காலால நொண்டினா, நடந்த கணக்குல பாதிதான் வரும் கண்ணு. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கு பாருங்க, அதோட வேலையே ரெண்டு பக்கத்தையும் பங்கு போடுறதுதான். ஒரு பக்கம் நின்னா, இந்தப் பக்கம் சுத்தினதுல பாதிதான் கேபிளுக்குப் போகும். பஸ்ஸு ஒரு சக்கரம் சேத்துல மாட்டிக்கிட்டுத் தனியாச் சுத்தறதைப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். நாற்காலி விக்கறவங்களுக்குத் தெரியணும்னு இல்லை."

ஹாதர்சேஜ் பாசிலைப் பார்த்தார். பாசில் ஜாக்கியைப் பார்த்தார்.

"இறக்குங்க" என்றாள். "தெருவுக்குத் தள்ளுங்க."

தலைவர், செயலாளர் என்ற பேதமின்றித் தள்ளினோம். தெருவில் அவள் ஐம்பத்து மூன்று அடிக்குச் சுண்ணக்கட்டியால் ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருந்தாள். ஹாதர்சேஜ் வருவதற்கு முன்பே போட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் காருக்குள் உட்கார்ந்து அட்டை அம்பைப் பார்த்து உரக்க எண்ணினாள். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுத் தாமும் எண்ணினார். ஒன்பதாவது சுற்றில் ஹாதர்சேஜுக்கு மூச்சு வாங்கியது.

"பத்து... பத்தே முக்கால்! நிறுத்துங்க!"

பத்துக்கு முக்கால் கூடுதல். முள் நூற்றுக்கு ஏழு பங்கு கூட்டிக் காட்டும். சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

"துல்லியமில்லையே" என்றார் ஹாதர்சேஜ், பச்சைக் காரின் பின்பக்கத்தில் சாய்ந்தபடி.

"இல்லைதான். ஆனா எந்தப் பக்கம் தப்புன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியலை, ரெண்டு தடவை எண்ணியும்."

சோதனை நாள் மழை பெய்தது. கதவில்லாத கார் என்பதால் க்வெண்டா பஸ் ஓட்டிய காலத்துக் கனமான மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஹாதர்சேஜ் தம் புதிய வெள்ளிநிறக் காரை மூடிய வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அதன்மேல் ஒரு துளி விழவில்லை.

சோதிக்கிறவர் முகத்தில் எதுவும் காட்டாத ஒரு மனிதர். காலையெல்லாம் விளக்கு, பெல்ட், கூர்மையான விளிம்பு என்று இரண்டு கார்களையும் தடவித் தடவிப் பார்த்தார். க்வெண்டாவின் காரில் ஒரு மூலை கூராக இருக்கிறது என்றார். அவள் அங்கேயே அரத்தை எடுத்துத் தேய்த்துக் கொடுத்தாள். கடைசியில் ஸ்பீடோமீட்டர் வந்தது. தரையில் பதித்த உருளைகள்மேல் பின் சக்கரங்கள் நிற்கும்படி காரை ஏற்றுவார்கள். சக்கரம் ஓடும், உருளையும் ஓடும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். உருளை சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

"யார் முதல்ல?" என்றார் சோதிக்கிறவர்.

"நான்தான்" என்றார் ஹாதர்சேஜ். எப்போதும் அவர்தான் முதல்.

வெள்ளிநிறக் கார் உருளைமேல் ஏறியது. திரையில் நீல எழுத்து ஓடியது: 'வணக்கம், ராட்ரிக்.' சோதிக்கிறவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நாப்பதுக்குக் கொண்டு போங்க சார்."

எஞ்சின் இரைந்தது. பின் சக்கரங்கள் பறந்தன. உருளைக்கு எதிரே இருந்த பெரிய திரையில் நாற்பது வந்தது.

"உங்க மீட்டர் எத்தனை சொல்லுது?"

ஹாதர்சேஜ் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சார்?"

"...சைபர்."

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. அறுபது. இப்போ?"

"சைபர்."

"சத்தமா சொல்லுங்க சார், எஞ்சின் சத்தத்துல கேக்கலை."

"சைபர்!" என்று அந்தக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினார் எங்கள் தலைவர். "வண்டி நகரலையே! நகராத வண்டிக்கு அது எப்படி வேகம் சொல்லும்? செயற்கைக்கோள் மேலேர்ந்து பாக்குது, வண்டி நின்ன இடத்துல நிக்குது! மீட்டர் சரியாத்தான் சொல்லுது!"

"சரியாத்தான் சொல்லுது" என்று ஒப்புக்கொண்டார் சோதிக்கிறவர். "ஆனா எனக்கு அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. சக்கரம் அறுபதுல ஓடுறப்ப சைபர் காட்டினா நான் தோல்வின்னுதான் எழுதணும்."

"இது நியாயமே இல்லை. எங்க க்ளப்புல கேட்டுப் பாருங்க!"

க்வெண்டா மழைக்கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நான் கொடுத்த நகல். நான்காக மடித்து வைத்திருந்தாள்.

"தலைவர் சொல்றது நெஜம்தாங்க. இதோ குறிப்பிலேயே இருக்கு." கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தெளிவாகப் படித்தாள். "'நகராத ஒண்ணு நகருதுன்னு சொல்ற மீட்டர் பொய் மீட்டர். என்னோட மீட்டரை இதே மேசையில வையுங்க. சைபர்னு சொல்லும். ஏன்னா அது உண்மையைத்தான் சொல்லும்.' கையெழுத்து, ராட்ரிக் ஹாதர்சேஜ், தலைவர். இப்ப என் பொய் மீட்டரைப் பாருங்களேன்."

பச்சைக் கார் உருளைமேல் ஏறியது. முப்பதுக்கு முள் முப்பத்திரண்டு காட்டியது. ஐம்பதுக்கு ஐம்பத்து நான்கு. எழுபதுக்கு எழுபத்தைந்து. ஒவ்வொரு முறையும் சோதிக்கிறவர் கேட்பதற்கு முன்பே க்வெண்டா கத்திச் சொன்னாள். மேசை ஓடிய வேகத்தில் கார் நின்றுகொண்டிருந்தது. அவர் முத்திரையை எடுத்து மையில் அழுத்திக் காகிதத்தில் குத்தினார். அது வரைக்கும் முகத்தில் எதுவும் காட்டாதவர், அவள் காரை வெளியே எடுக்கும்போது கேட்டார்:

"அந்த மீட்டர் எங்க வாங்கினீங்க?"

"சாசேஜ் ரோலுக்கு."

திரும்பும்போது நான் ஹாதர்சேஜின் வண்டியில் வந்தேன். பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நெவில், குறிப்பைத் திருத்த முடியுமா?"

"அடுத்த கூட்டத்துல ஒன்பது பேர் கை தூக்கினா முடியும்."

அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். அன்றிரவுக்குள் ஒன்பது கைகளுக்கு உரியவர்களும் க்வெண்டாவைத் தொலைபேசியில் அழைத்து, சாசேஜ் ரோலுக்கு மீட்டர் தருகிற கடைக்காரர் யார் என்று விசாரித்துவிட்டார்கள். ஒன்பதில் நானும் ஒருவன்.

மே மாதக் கடைசித் திங்களன்று வெயில் அடித்தது. ஓடக்கூடிய கார்கள் மூன்று. முன்னால் பளபளக்கும் புது நம்பர் பலகையோடு க்வெண்டாவின் பச்சைக் கார். அடுத்து இரண்டு உறுப்பினர்களின் கார்கள். கடைசியில் ஹாதர்சேஜ், மனைவியின் சின்னக் குடும்பக் காரில். அவருடைய கார் மறுசோதனைக்குக் காத்திருந்தது. ஆனாலும் அவர் எலக்ட்ரானிக் மீட்டரைக் கழற்றி எடுத்துவந்து மனைவியின் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்தார். பேட்டரியைக் கொடுத்ததும் அது அவரைப் பெயர் சொல்லி வரவேற்றிருக்கும். அன்று அவரை வரவேற்றது அது மட்டும்தான்.

நான் க்வெண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து க்ளப் கொடியைப் பிடித்திருந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. வேலி ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கை காட்டினார்கள். க்வெண்டா கை காட்டவில்லை. முதுகை நிமிர்த்தி, ஊரே தன் பயணிகள் என்பதுபோல ஓட்டினாள்.

"அந்த டிப்போக்காரன் இப்ப எங்க இருப்பான் தெரியுமா?" என்றாள்.

"எங்க?"

"எங்க இருந்தா என்ன? நான் எத்தனையில போறேன்னு அவனுக்குத் தெரியாது. வானத்துல இருக்கற பதினொண்ணுக்கும் தெரியாது. எனக்கும் என் முள்ளுக்கும்தான் தெரியும்."

அது நாற்பது மைல் எல்லை உள்ள சாலை. அவள் முள்ளை முப்பத்தொன்பதில் கொண்டுவந்து நிறுத்தினாள். முன்பின் அசையாமல், ஆணி அடித்ததுபோல அது நின்றது.

"பாரு நெவில், ஆட்டம் இருக்கா?"

"இல்லை."

"நல்லாப் பாரு."

குனிந்து பார்த்தேன். கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சின்ன முள் அசையவே இல்லை. அழகாக இருந்தது. அப்படியே பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு கிராமம் வந்தது, சர்ச் வந்தது, ஐஸ்கிரீம் வண்டி ஒன்று வந்தது. அதன் பின்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது.

பத்து நாள் கழித்துப் போலீஸிடமிருந்து நான்கு கடிதங்கள் வந்தன. அந்த வெள்ளை வேனுக்குள் வேகம் அளக்கும் கேமரா இருந்திருக்கிறது. க்வெண்டாவுக்கு ஒன்று, பின்னால் வந்த இரண்டு பேருக்கு ஒவ்வொன்று, கார் அவர் பெயரில் இருந்ததால் திருமதி ஹாதர்சேஜுக்கு ஒன்று. கிராமத்து எல்லையில் முப்பது என்ற பலகை இருந்திருக்கிறது. நான்கு கார்களும் முப்பத்தாறு மைலில் போயிருக்கின்றன. ஹாதர்சேஜின் மீட்டர் மிகச் சரியாக முப்பத்தாறு காட்டியதாக அவரே ஒப்புக்கொண்டார். ஓட்டிய நான்கு பேரும் அபராதத்துக்குப் பதிலாக ஒரே புதன்கிழமை வேகக் கட்டுப்பாட்டு வகுப்புக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

க்வெண்டாவின் முள் முப்பத்தொன்பது காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.